லிப்ட் மெக்கானிக்கின் ஆயுள் தடை

லிப்ட் மெக்கானிக் கட்டடத்துக்குள் நுழைந்தால் பெண்கள் கையிலிருக்கும் போனைப் பைக்குள் போட்டுக்கொள்கிறார்கள். மூன்றாவது மாடி டீச்சர் இன்னும் ஒரு படி மேலே போய், போனை அணைத்தே வைத்துவிடுகிறார். மெக்கானிக் இதையெல்லாம் கவனிப்பதில்லை. அவர் பாட்டுக்கு லிப்ட் கதவில் காதை ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். உச்சியில் மோட்டார் எப்படி மூச்சு விடுகிறது என்று கேட்கிறாராம். தெரியாதவர்களுக்கு, ஆள் கதவோடு ரகசியம் பேசுகிற மாதிரி இருக்கும்.

எல்லாம் ஊர்ப்பேச்சு செய்த வேலை. "பாத்தா பூனை மாதிரி இருக்காரு. போன்ல என்னமோ பித்தலாட்டம் பண்ணி ஆன்லைன் கேம்ல கன்னாபின்னான்னு ஜெயிச்சிருக்காரு. கம்பெனிக்காரன் கண்டுபுடிச்சு ஆயுசுக்கும் தடை போட்டுட்டான்" என்று தரைத்தளத்தில் கிளம்பிய பேச்சு, மாடிக்கு மாடி ஒரு சுற்றுப் பருத்தது. ஐந்தாவது மாடியைத் தொடும்போது அவர் ஒரு பேங்க்கையே கவிழ்த்திருந்தார்.

வதந்திக்கு நான் விரோதி இல்லை. நாலு பேர் நாலு விதமாகப் பேசாவிட்டால் என் பொத்தான், நூல் கடைக்கு யார் வருவார்கள்? ஆனால் அரைவேக்காட்டை ஊருக்குப் பரிமாறுவது எனக்குப் பிடிக்காது. இதன் நிஜம் எனக்குத் தெரியும். கொஞ்சம் மெக்கானிக் சொன்னது, கொஞ்சம் அவர் சம்சாரம் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வாங்க வந்தபோது கொட்டியது. மிச்சம், என் கடைக்கும் பக்கத்து போன் கடைக்கும் நடுவில் இருக்கிற பலகைத் தடுப்பு வழியாக வந்தது. அந்தப் பலகையில் விரிசல் இருப்பதற்கு நான் பொறுப்பில்லை.

ஆள் ஒல்லி. ஐம்பதைத் தாண்டிவிட்டார். டாக்டர் பேனா குத்திக்கொள்வதைப் போலச் சட்டைப்பையில் டெஸ்டர் குத்தியிருப்பார். பின்பக்கப் பையிலிருந்து ஒரு கிரீஸ் துணி எப்போதும் நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும். கை எத்தனை சோப்புப் போட்டாலும் கறுப்புத்தான். லிப்டில் அவர் ஏறி யாரும் பார்த்ததில்லை. ஏழு மாடியானாலும் படிதான். ஒருநாள் கேட்டேன். "உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியுமேய்யா" என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் அன்றைக்குப் படியேறிப் போனார்கள்.

ஆனால் லிப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். கதவிடுக்கில் வாயை வைத்து அவர் பேசுகிற பேச்சைக் கேட்கவே மாட்டிக்கொள்ளலாம். "பயப்படாதீங்கம்மா. காத்து வரும். ரெண்டே நிமிஷம். நீங்க பேசிக்கிட்டே இருங்க, நான் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்." அரை மணி நேர வேலையாக இருந்தாலும் அவருக்கு அது ரெண்டே நிமிஷம்தான். உள்ளே இருக்கிறவர்கள் தங்கள் பெயர், பிள்ளைகள், மாமியார் கொடுமை என்று எல்லாவற்றையும் அந்த இடுக்கு வழியே கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் வெளியே வருவார்கள்.

வீட்டில் இந்த வாய் திறக்காது. சம்சாரம் என் கடையில் நின்று சொன்னது: "லிப்ட்ல மாட்டிக்கிட்டாத்தான் இந்த மனுசன் பேசுவாருன்னா, நானும் ஒரு நாளைக்குப் போய் மாட்டிக்கலாம்னு இருக்கேன்."

ஒரே மகள். சின்ன வயசிலிருந்து போனில் ஒரு டாங்கி விளையாட்டு விளையாடுவாள். இந்தப் பக்கம் ஐந்து டாங்கி, அந்தப் பக்கம் ஐந்து டாங்கி, சுட்டால் புள்ளி, புள்ளி ஏறினால் பட்டம். தெருவில் விளையாடுகிற வயசு முழுவதையும் அதில் போட்டு, பெரிய பட்டத்துக்குப் பக்கத்தில் வந்திருந்தாள். பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையில் ஒரு பாடம் போயிற்று. மெக்கானிக் போனைப் பிடுங்கி, விளையாட்டுக்குள் போய், எங்கெங்கோ அழுத்தி, கணக்கை அழித்துவிட்டார்.

"மெயின் சுவிட்ச அணைக்கிறோம், புத்தி வந்ததும் திருப்பிப் போட்டுக்கலாம்னுதான்யா நெனச்சேன்" என்றார் என்னிடம். "அப்புறந்தான் தெரிஞ்சுது, நான் கேபிளையே அறுத்திருக்கேன்னு."

அவள் அழவில்லை. சத்தம் போடவில்லை. விட்டுப்போன பாடத்தை எழுதித் தேறினாள். தூரத்து ஊரில் ஒரு பார்சல் கிடங்கில் வேலை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அம்மாவிடம் போனில் மணிக்கணக்காகப் பேசுவாள். அப்பா செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டால் பேச்சு நின்றுவிடும். "சரிம்மா, வெக்கிறேன்." பல வருஷமாக அந்த வீட்டில் அவர் காதில் விழுந்த மகளின் பேச்சு அவ்வளவுதான்.

போன வருஷம் சம்சாரம் வாய் தவறி உளறிவிட்டாள். மகள் மறுபடியும் அதே விளையாட்டை முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். பெயர் கருங்குருவி. வேலை முடிந்து வந்ததும் சாயங்காலம் ஓர் அறை திறப்பாள். விளையாட்டுக்குள்ளே இருக்கிற அறைதான். அவள் பக்கத்தில் அவளுடைய கூட்டாளிகள் நாலு பேர். எதிர்ப்பக்கத்தில் யார் வேண்டுமானாலும் நுழையலாம். அறையில் இருக்கிற எல்லோருக்கும் எல்லோர் பேச்சும் கேட்கும்.

மறுநாள் காலையில் மெக்கானிக் போன் கடைக்கு வந்து நின்றார். கடைக்காரம்மா என்னைவிடப் பத்து வயசு சின்னவள். வாய் மட்டும் பத்து வயசு மூத்தது.

"தங்கச்சி, இதுல அந்த டாங்கி வெளையாட்ட ஏத்திக் குடும்மா."

"அண்ணே, இந்த வயசுல எந்த நாட்டு மேல படையெடுக்கப் போறீங்க?"

"ஏத்திக் குடும்மா."

"பேரு என்ன போடட்டும்? பட்டப்பேரு ஒண்ணு வேணும்."

"சும்மா எதையாச்சும் போடு."

அவள் 'சும்மா' என்றே போட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலத்திலிருந்து மெக்கானிக்குக்கு இரண்டு காது போதவில்லை. மகளுடைய குரல். கூட்டாளிகளை "டேய் எரும, இடது பக்கம் பாருடா" என்று விரட்டுவாள். ஜெயித்தால் சிரிப்பாள், சின்ன வயசில் விக்கலோடு வருமே, அதே சிரிப்பு. இவர் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று தன் மைக்கை அணைத்தே வைத்திருப்பார். எதிர்ப்பக்கத்தில் நுழைந்து, தன் டாங்கியை ஓட்டிக்கொண்டு போய், நேராக அவள் பீரங்கிக்கு முன்னால் நிறுத்துவார். அவள் சுடுவாள். இவர் சாவார். அவளுக்குப் புள்ளி. இவருக்குச் சிரிப்புச் சத்தம். இவர் பக்கத்து ஆட்கள் இவருடைய பரம்பரையையே திட்டுவார்கள். அதையும் காதில் போட்டுக்கொண்டு, மறுபடியும் போய் நிற்பார்.

முதல் தடை வாயால் வந்தது. பேச முடியாது, எழுதலாமே என்று கடைக்காரம்மாவிடம் எழுத்துப் பெட்டியைக் காட்டச் சொல்லிக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டு எழுதியது ஒரே ஒரு சொல்: 'சாப்டியா'. நுழையும்போது சாப்டியா, செத்தபிறகு சாப்டியா, எதிரியிடமும் சாப்டியா. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போடுகிறவன் வம்புக்காரன் என்று அந்த விளையாட்டில் சட்டம். எழுத்தைப் பூட்டிவிட்டார்கள்.

"வாய்ப்பூட்டுண்ணே. வெளையாடலாம், பேச முடியாது" என்றாள் கடைக்காரம்மா.

"லிப்டுக்குள்ள இருக்கிற போன் செத்துப்போன மாதிரி. ஓடும், கூப்பிட முடியாது" என்று தலையாட்டினார் மெக்கானிக். "பரவால்ல. கேக்குதுல்ல? போதும்."

இரண்டாவது தடை தொழிலால் வந்தது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று அழைப்பு வரும். போட்டது போட்டபடி ஓடிவிடுவார். அவருடைய டாங்கி நடுமைதானத்தில் ஈ ஓட்டிக்கொண்டு நிற்கும். பாதியில் ஓடுகிறவனுக்குக் கொஞ்ச நாள் வெளியே நிற்கிற தண்டனை. "இது ஓவர்லோடு மணி. எறங்கி நின்னாத் தானா ஓடும்" என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

மூன்றாவதுதான் அவரைக் கலக்கியது. தண்டனை முடிந்து உள்ளே போகிறார், கருங்குருவியின் அறை கண்ணுக்குத் தெரிகிறது, அழுத்துகிறார், வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. தடை என்று ஒரு வார்த்தை இல்லை. வேறு ஏதோ அறையில் கொண்டுபோய்த் தள்ளுகிறது. அங்கே இருப்பவர்களோ அத்தனை பேரும் கெட்ட வார்த்தைக்குப் பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள்.

"இது சொல்லாமப் போடுற தடைண்ணே" என்றாள் கடைக்காரம்மா. "உங்க பக்கத்து ஆளுங்க புகார் குடுத்திருக்கானுங்க. கேடிப் பசங்கள எல்லாம் தனியா ஒரு தொழுவத்துல அடைச்சு, அவனுங்களுக்குள்ளயே வெளையாட விடுவாங்க. கொஞ்ச நாளு ஒழுங்கா இருந்தா வெளிய விட்டுருவாங்க."

"பொத்தான் எரியுது, லிப்ட் வரல."

"ஆமா. அதேதான்."

அந்தக் கேடிகளின் கூட்டத்தில் நம் ஆள் நல்லபிள்ளையாக இருந்து காட்டினார். சுட வேண்டியவனைச் சுட்டார், காப்பாற்ற வேண்டியவனைக் காப்பாற்றினார், அழைப்பு வந்தால் சக ஊழியரை அனுப்பினார். மெதுவாக வெளியே விட்டார்கள். விட்ட அன்றைக்கே கடைக்காரம்மா ஒரு வார்த்தை சொல்லித்தான் அனுப்பினாள். பலகைக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அண்ணே, சொன்னாக் கேளுங்க. இனிமேயாச்சும் அந்தப் பொண்ண எதுத்து ஒழுங்காச் சுடுங்க. வேணும்னே சாவுறதும் அங்க குத்தம்தான்."

"எம் பொண்ண எப்படிம்மா சுடறது?"

அதுவரைக்கும் கருங்குருவி யார் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. 

சுடவில்லை. பழையபடி போய்ப் போய் நின்றார். மகளுக்குப் புள்ளி மளமளவென்று ஏறியது. சம்பளத்துக்கு விளையாடுகிற ஒரு பெரிய குழு அவளைக் கூப்பிட்டனுப்பியது: பட்டம் இதே இடத்தில் நின்றால், வருகிற போட்டிக்கு ஆளெடுக்கும்போது வா, தேறினால் கிடங்கு வேலையை விட்டுவிடலாம். இதைச் சம்சாரம் மூலம் கேள்விப்பட்ட மெக்கானிக் அன்றைக்கு என் கடைக்கு வந்து காரணமில்லாமல் ஒரு டஜன் பொத்தான் வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பொத்தானுக்கு அவரிடம் சட்டையே இல்லை.

அடுத்த வாரம் சோறு போட்டுக்கொண்டே சம்சாரம் வயிறெரிந்தாள். அவள் சொல்லியே எனக்குத் தெரியும்; யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

"எவனோ ஒரு எடுபட்ட பயலாம். பேரு கூட சும்மாவாம். இவ கையால செத்துச் செத்துப் புள்ளி குடுத்திருக்கான். ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டுப் பண்ற திருட்டு வேலைன்னு சொல்லி, அவனோட சேத்து இவளையும் நிறுத்தி வெச்சுட்டாங்க. ஆளெடுக்கற நேரத்துல. அவன் கை வெளங்குமா?"

மெக்கானிக் தட்டைப் பார்த்துக்கொண்டே, "வெளங்காது" என்றார்.

காலையில் போன் கடை திறப்பதற்கு முன்பே படியில் உட்கார்ந்திருந்தார். முறையீடு எழுத வேண்டும். கடைக்காரம்மா திறந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கினாள்.

"உங்களுக்கு நிரந்தரத் தடை போடப் போறதா வந்திருக்குண்ணே. இந்தப் போன் மேலயும் சேத்து, வேற பேருல கூட நொழைய முடியாது. அது போகட்டும். இங்க ஒரு கேள்வி கேக்குறான். மத்த ஆளுக்கு நீங்க என்ன உறவு?"

"ஒண்ணும் இல்லன்னு போட்டா?"

"நம்ப மாட்டான். முன்பின் தெரியாதவளுக்காக எவன் இத்தன தடவ சாவான்? காசு வாங்கிட்டுப் பண்றான்னுதான் நெனப்பான். அவளுக்கும் நிரந்தரமாப் போயிரும்."

"உண்மையப் போட்டா?"

"அவளுக்குத் தெரியாமப் பண்ணீங்கன்னு எழுதுனா, அவ தப்பிக்கலாம். ஆனா..." அவள் போனை அவர் பக்கம் திருப்பினாள். "ரெண்டு பேருக்கும் ஒரே வழக்குண்ணே. நீங்க எழுதறது அவளுக்கும் போகும். சும்மா யாருன்னு தெரிஞ்சுரும்."

தெரிந்தால் அந்தச் சாயங்காலங்கள் போயிற்று. அந்தக் குரல், டேய் எரும, விக்கல் சிரிப்பு, எல்லாம் போயிற்று. மெக்கானிக் கிரீஸ் துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த கையை விரல் விரலாகத் துடைத்தார். நான் நூல்கண்டைக் கையில் பிடித்தபடி பலகைப் பக்கம் நகர்ந்தேன்.

"அப்பான்னு போடும்மா" என்றார். "அவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு போடு. அவ சிரிச்சா எனக்குப் புடிக்கும், அதுக்காகப் பண்ணேன்னு போடு. ... வேணாம், அந்தக் கடைசி வரிய எடுத்துரு."

அவள் எடுக்கவில்லை. அது எனக்கு அப்புறம் தெரிந்தது.

பதில் வந்தது. மகள் குற்றமற்றவள், உள்ளே போகலாம். ஆனால் சும்மாவைச் சுட்டு அவள் வாங்கிய புள்ளிகள் முழுவதும் கழிக்கப்படும். கழித்தார்கள். பட்டம் மூன்று படி இறங்கியது. குழு வேறு ஆளை எடுத்துக்கொண்டது.

அன்று சாயங்காலம் சம்சாரத்துக்கு மகளிடமிருந்து போன் வந்தது. செருப்புச் சத்தம் கேட்டும் வைக்கவில்லை. "அவரக் கூப்பிடு" என்றாள். அப்பாவைக் கூப்பிடு என்று சொல்லவில்லை. சம்சாரம் இதை என்னிடம் இரண்டு தடவை சொன்னாள்.

மெக்கானிக் போனை இரண்டு கையாலும் வாங்கினார்.

"நான் ஜெயிச்சதுல எது நான் ஜெயிச்சதுன்னு எனக்கே இப்பத் தெரியல" என்றது குரல். "ஒருத்தன் தெனமும் வந்து மாட்டுறான், நாம நல்லா சுடறோம்னு நெனச்சேன். முன்னாடி ஒரு தடவ அழிச்சீங்க. இது ரெண்டாவது."

"ரெண்டே நிமிஷம்மா..." என்று ஆரம்பித்தார் அவர். லிப்ட் கதவிடுக்கில் வருகிற அதே குரல்தான் வந்ததாம். அதற்குள் அந்தப் பக்கம் வைத்தாகிவிட்டது.

அதற்கப்புறம் அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை. எப்போதும்போல வருகிறார், காதை வைக்கிறார், எண்ணெய் விடுகிறார், படியேறிப் போகிறார். மாட்டிக்கொண்டவர்களிடம்தான் முன்போலப் பேசுவதில்லை. "இருங்க, தொறக்கறேன்" என்பதோடு சரி. போன மாதம் மாட்டிக்கொண்ட டீச்சர், மனிதர் வெளியே இருக்கிறாரா போய்விட்டாரா என்று தெரியாமல் உள்ளே அழுதேவிட்டார். ஆயுள் தடை விழுந்த திமிர் என்று அதையும் பேச்சில் சேர்த்துக்கொண்டார்கள்.

போன வாரம் ஒரு மத்தியானம் போன் கடைக்கு வந்தார். கடைக்காரம்மா அவருடைய போனில் எதையோ திறந்து கொடுத்தாள். டாங்கி விளையாட்டின் தொடக்க இசை பலகை தாண்டி எனக்குக் கேட்டது. ஆயுள் தடை விழுந்தவனுக்கு எப்படித் திறக்கிறது என்று எனக்கு ஒரே குடைச்சல். விரிசலில் கண்ணை வைத்தேன். எழுத்தெழுத்தாகக் 'கருங்குருவி' என்று அடித்தார். திரையில் ஒன்றும் வரவில்லை. பார்த்தார். மறுபடியும் அடித்தார். கடைக்காரம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடிப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தாள். இசை நின்றது.

நமக்கு இருப்புக் கொள்ளுமா? இன்று காலையில் லிப்ட் கதவில் காதை வைத்து நின்றவரிடம் போய் மெதுவாகக் கிண்டினேன்.

"என்ன மெக்கானிக்கு, கம்பெனிக்காரன் உமக்கு ஆயுசுக்கும் தடை போட்டுட்டானாமே. ஊரே பேசுது."

கதவிலிருந்து காதை எடுக்கவில்லை. கண்ணையும் திறக்கவில்லை. என்னைச் சத்தம் போடாதே என்பதுபோல ஒரு கையை மட்டும் தூக்கினார்.

"எவன்யா சொன்னான் ஆயுசுன்னு? உண்மையச் சொன்னதுக்காகக் கம்பெனிக்காரன் மூணு மாசத்தோட விட்டுட்டான். அது போன வாரமே முடிஞ்சுபோச்சு. ஆயுசுக்கும் போட்டது எம் பொண்ணு."